வெடியுப்பும் கீரையும் கிணற்று நீரும்

மேற்குத் தாம்பரத்துச் சண்முகம் சாலையில் கோணியை விரித்துச் சிறுகீரை, அரைக்கீரை, பாலக் என்று கட்டுக்கட்டாக அடுக்கி, வாடிவிடாமலிருக்கக் கைவிரல்களால் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கும் வியாபாரிகளையும், அங்கிருந்து சற்றுத் தொலைவிலேயே கண்ணாடிக் கதவு போட்ட குளிர்பெட்டிக்குள் இளஞ்சிவப்பாய் மினுங்கும் சாசேஜ், சலாமிப் பாக்கெட்டுகளையும் ஒருசேரக் காண்பவர்கள், முன்னது இயற்கை தந்த ஆரோக்கியம், பின்னது ஆலை தந்த விஷம் என்று உடனே தீர்ப்புக் கூறிவிடுவது சர்வசாதாரணமாகிவிட்டது. பாக்கெட்டின் பின்புறத்தில் பொடி எழுத்தில் ஐ.என்.எஸ். 250 என்று அச்சிட்டிருக்கிறதே, சோடியம் நைட்ரைட்டைக் குறிக்கும் அந்த இலக்கமே அத்தீர்ப்புக்கு ஆதாரம். ஆனால் நைட்ரைட்டாக மாறக்கூடிய நைட்ரேட்டின் அளவை மட்டும் எடைபோட்டுப் பார்த்தால் கீரைக்கட்டுதான் பெரிய குற்றவாளியாக நிற்கும். ஏனெனில் மனிதர் உணவின் வழியே உட்கொள்ளும் நைட்ரேட்டில் ஏறக்குறைய 80 சதவீதம் காய்கறிகளிலிருந்தே வருகிறது. உலக நிபுணர் குழு வகுத்த வரம்பின்படி 60 கிலோ எடையுள்ள ஒருவர் நாளொன்றுக்கு 222 மில்லிகிராம் நைட்ரேட் வரை கொள்ளலாம். ஒரு கிலோவில் 1,000 மில்லிகிராம் நைட்ரேட் கொண்ட கீரையில் கால் கிலோவை மசித்து உண்டாலே அவ்வரம்பைத் தாண்டியாயிற்று. ஆகவே, பதார்த்தத்தின் பெயரை மட்டும் கொண்டு நியாயம் வழங்குவது இவ்விஷயத்தில் செல்லாது. அது எங்கிருந்து வருகிறது, எதனோடு சேர்ந்து வருகிறது என்பதையே விசாரிக்க வேண்டும்.

முதலில், இறைச்சியை நைட்ரைட்டால் பதப்படுத்தும் முறையின் பிரயோஜனத்தைப் பாரபட்சமின்றிக் கூறிவிடுவோம். வெடியுப்பு என்று நாம் வழங்கும் பொட்டாசியம் நைட்ரேட்டைப் பீகாரிலிருந்து கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்கு ஏற்றிச்சென்ற காலத்தில், அது வெடிமருந்துக்கு மட்டுமன்றி மாமிசத்தைக் கெடாமல் வைப்பதற்கும் பயன்பட்டது. பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்து ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களில் கிறிஸ்துமஸை ஒட்டிச் செய்யும் உப்பு மாட்டிறைச்சி அந்த மரபின் எச்சமே: கத்தியால் குத்திய இறைச்சியில் உப்பும் சிறிது வெடியுப்பும் எலுமிச்சைச் சாறும் தேய்த்து, நாள்தோறும் புரட்டி ஊறவைப்பார்கள். வேகவைத்த பிறகும் மாறாத அந்தச் சிவப்புக்குக் காரணம், வெடியுப்பிலிருந்து பிறக்கும் நைட்ரைட் இரத்தச் சாயத்துடன் கூடுவதே என்பதை ஜே. எஸ். ஹால்டேன் 1901இல் விளக்கினார். நிறத்தைக் காட்டிலும் முக்கியமானது, காற்றுப் புகாத ஈர இறைச்சியில் வளர்ந்து கொடிய நஞ்சைச் சுரக்கும் போட்டுலிசக் கிருமியை நைட்ரைட் தடுத்துவிடுகிறது என்பது. குளிர்பெட்டி இல்லாத காலத்தில் எத்தனையோ உயிர்கள் இதனால் பிழைத்திருக்கும் என்பதை மறுப்பது நன்றிகெட்ட செயல். எனினும், நம் கிராமத்து உப்புக்கண்டம் இதே காரியத்தை மஞ்சளும் உப்பும் வெயிலும் கொண்டே சாதித்துவிட்டது என்பதையும் இங்கே சொல்லவேண்டும். ஈரத்தையே வற்றடித்துவிட்டால் கிருமிக்கு இடமேது? மாமிசம் மெதுவாகவும் ஈரமாகவும் இருக்கவேண்டுமென்ற ஆசைதான் நைட்ரைட்டை இன்றியமையாததாக்குகிறது.

அந்த ஆசைக்குக் கொடுக்கும் விலை என்ன? 1956இல் மாகி, பார்ன்ஸ் என்னும் இரு ஆங்கில விஞ்ஞானிகள், நைட்ரோசமைன் இனத்தைச் சேர்ந்த ஒரு பொருள் எலிகளின் கல்லீரலில் புற்றுநோயை உண்டாக்குவதைக் கண்டறிந்தனர். சில ஆண்டுகளுக்குள், நைட்ரைட்டிட்டுக் காத்த ஹெர்ரிங் மீன்தூளைத் தின்ற நார்வே நாட்டு ஆடுகள் கல்லீரல் கெட்டு மடிந்தபோது, அவ்விஷம் தீவனத்திலேயே உண்டாகக்கூடும் என்பது பிரத்யட்சமாயிற்று. நைட்ரைட்டும் மாமிசப் புரதத்தின் அமீன்களும் உயர்ந்த சூட்டிலோ இரைப்பையின் அமிலத்திலோ சந்திக்கும்போது நைட்ரோசமைன்கள் பிறக்கின்றன; பேக்கனை மொறுமொறுவென்று வறுக்கும் சட்டி இதற்கு மிகவும் வாய்ப்பான களம். வைட்டமின் சி இச்சேர்க்கையைத் தடுப்பதால், 1978இல் அமெரிக்க அரசு பேக்கனில் நைட்ரைட்டின் அளவைக் குறைத்து, அதனுடன் அஸ்கார்பேட்டையும் கட்டாயமாகச் சேர்க்கச் செய்தது. பல்லாவரத்துச் சமையற்கட்டில் பிழிந்த எலுமிச்சை, ருசிக்காகவே சேர்க்கப்பட்டிருப்பினும், ரசாயனத்தின் பக்கமே நின்றிருக்கிறது என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பாகவே இருக்கிறது.

2015இல் உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, பதப்படுத்திய இறைச்சியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதற்பிரிவில் சேர்த்தது. நாள்தோறும் 50 கிராம் உண்பவர்க்குப் பெருங்குடற் புற்றுநோய் அபாயம் 18 சதவீதம் மிகுகிறது என்றது. புகையிலையும் அதே பிரிவில் இருப்பதால் இரண்டும் சமமான கேடு என்று சிலர் பீதி கிளப்பினார்கள். அப்பிரிவு சாட்சியத்தின் உறுதியைக் குறிப்பதேயன்றிக் கேட்டின் அளவைக் குறிப்பதன்று. நூற்றில் ஐவருக்கு வரக்கூடிய நோய் 18 சதவீதம் கூடினால் ஏறத்தாழ ஆறு பேருக்கு வரும், அவ்வளவே. மேலும், உப்பு, இரத்தத்தின் இரும்பு, புகையூட்டல் ஆகியவற்றின் பங்கையும் நைட்ரைட்டின் தலையிலேயே கட்டிவிடுவது சரியன்று. ஆனால் மறுபக்கத்தில், நைட்ரைட் சேர்க்காதது என்று பெருமையுடன் எழுதிவிட்டு, நைட்ரேட் மிகுந்த செலரித் தூளை உள்ளே போடும் மேல்நாட்டு வணிகத் தந்திரத்தை என்னால் கண்டிக்காமல் இருக்க முடியவில்லை. தாவரத்திலிருந்து வந்த நைட்ரைட்டும் பீப்பாயிலிருந்து வந்த நைட்ரைட்டும் இறைச்சிக்குள் புகுந்தபின் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

இனிக் கீரையின் கட்சியைக் கேட்போம். நாம் விழுங்கும் நைட்ரேட்டில் சுமார் கால் பங்கு இரத்தத்திலிருந்து உமிழ்நீருக்குத் திரும்பிவர, நாக்கின் பின்புறத்துக் கிருமிகள் அதில் ஒரு பகுதியை நைட்ரைட்டாக்குகின்றன. விழுங்கிய அந்த நைட்ரைட் நைட்ரிக் ஆக்சைடாக மாறி இரத்தக்குழாய்களைத் தளர்த்துகிறது. நைட்ரிக் ஆக்சைடு இரத்த ஓட்டத்தில் வகிக்கும் பங்கைக் கண்டவர்களுக்கு 1998இல் நோபல் பரிசு கிடைத்தது. 2008இல் லண்டனில் அரை லிட்டர் பீட்ரூட் சாறு குடித்தவர்களின் இரத்த அழுத்தம் சில மணி நேரத்திலேயே குறைந்தது. கிருமிகளை ஒழிக்கிறேன் என்று காலையும் மாலையும் மருந்துத் தண்ணீரால் வாய் கொப்பளிப்பவர்கள் இந்த நன்மையைத் தாங்களே துப்பிவிடுகிறார்கள்! சாசேஜில் நிகழும் விபரீதம் கீரையில் ஏன் நிகழ்வதில்லை என்றால், கீரையோடு வைட்டமின் சியும் மற்றத் தாவரச் சத்துக்களும் கூடவே வருகின்றன, மாமிசத்தின் அமீனும் இரும்பும் வருவதில்லை. அதற்காகக் கீரைக்கு முழு விடுதலை கொடுத்துவிடவும் வேண்டாம். இரவில் கீரை ஆகாது, மீந்த கீரையைச் சுடவைத்து உண்ணலாகாது என்று பாட்டிமார் விதித்த நியமத்தை வெறும் மூடநம்பிக்கை என்று தள்ளுவோர், சமைத்த கீரை நம் ஊர் வெக்கையில் பல மணி நேரம் கிடக்கும்போது கிருமிகள் அதன் நைட்ரேட்டை நைட்ரைட்டாக்கிவிடுகின்றன என்பதை அறியாதவர்கள். இரவு என்பதற்காக அஞ்சவேண்டியதில்லை. காலையில் வைத்த மசியலை இரவில் போடுவதுதான் தவறு.

மூலமே முக்கியம் என்னும் என் அபிப்பிராயத்துக்கு வலுவான சான்று டென்மார்க்கிலிருந்து வந்திருக்கிறது. 50,000க்கு மேற்பட்டோரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து 2024இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், காய்கறி வழியே மிகுதியாக நைட்ரேட் கொண்டவர்களிடையே மரண விகிதம் குறைவாகவும், குடிநீர் வழியே மிகுதியாகக் கொண்டவர்களிடையே அதிகமாகவும் இருந்தது. தண்ணீரில் வரும் நைட்ரேட்டுக்குக் காவலாக எந்தச் சத்தும் உடன் வருவதில்லை என்பதே இதற்கு நியாயமான விளக்கம் என்று கருதுகிறேன்.

தாம்பரத்து வாசகர்கள் சாசேஜைக் குறித்து வாதாடுவதைவிட அதிகமாகக் கவனிக்கவேண்டியது இங்கேதான் இருக்கிறது. பல்லாவரம், பரங்கிமலைக் குன்றுகளின் பாறை சார்னோகைட். இப்பாறையின் சிதைந்த மேற்படலத்திலும் வெடிப்புகளிலும் ஊறும் நீரைத்தான் நம் கிணறுகளும் போர்வெல்களும் இறைக்கின்றன. சுற்றிலுமுள்ள உள்ளாட்சிகளைச் சேர்த்து 2021இல் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினார்களேயன்றி, பாதாளச் சாக்கடை அதே வேகத்தில் எல்லாத் தெருக்களுக்கும் வந்துவிடவில்லை. அரை கிரவுண்டு மனையில் ஒரு மூலையில் செப்டிக் டேங்க், மறுமூலையில் போர்வெல் என்று வீடு கட்டியிருக்கும்போது, மலத்தின் நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாகி அந்த வெடிப்புகளின் வழியே எங்கே போய்ச் சேரும் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2024ஆம் ஆண்டு அறிக்கையில், தமிழ்நாட்டில் சோதித்த மாதிரிகளில் 37 சதவீதத்துக்கு மேற்பட்டவை லிட்டருக்கு 45 மில்லிகிராம் என்னும் இந்தியத் தர வரம்பைத் தாண்டியிருந்தன.

அவ்வரம்பும் குழந்தைகளை மனத்தில் வைத்து வகுத்த பழைய சிந்தனையைத் தழுவியதே. 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் காம்லி என்னும் மருத்துவர், கிணற்று நீரில் பால் கலக்கிக் கொடுத்த சிசுக்களின் மேனி நீலம் பாரிப்பதைக் கண்டு எழுதினார். நைட்ரைட் இரத்தத்தின் ஹீமோகுளோபினை மாற்றிவிட, அது பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழப்பதே காரணம். பெரியவர்களின் பெருங்குடலைப் பற்றிய கேள்வி அப்போது எழவேயில்லை. 2018இல் 27 லட்சம் டேனிஷ் மக்களை ஆராய்ந்தபோது, லிட்டருக்கு 4 மில்லிகிராம் அளவிலேயே பெருங்குடற் புற்றுநோய் அபாயம் சற்று மிகுவதாகத் தெரிந்தது. ஒரு தேசத்து ஆய்வைக் கொண்டு சட்டத்தை மாற்றிவிட முடியாதெனினும், 45க்குள் இருந்தால் கவலையில்லை என்ற நிச்சயம் ஆட்டம் கண்டிருக்கிறது.

போர்வெல் நீரைப் புட்டிப்பாலுக்கு உபயோகிக்கும் தாய்மார்கள் நன்றாகக் கொதிக்கவைத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்வதுதான் இதில் பெரிய விபரீதம்: கொதி கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டைத் தொடாது, நீர் ஆவியாகச் சுண்டச் சுண்ட மிஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். ஆர்.ஓ. கருவி அதன் பெரும்பகுதியை நீக்கிவிடும் என்பது உண்மை. ஆனால் நீக்கிய நைட்ரேட்டெல்லாம் கழிவுக் குழாய் வழியே அதே வீட்டின் செப்டிக் டேங்குக்கோ கொல்லை மண்ணுக்கோதான் திரும்பிச் செல்கிறது. தனித்தனி வீடுகளின் கருவிகளால் இது தீராது. பாதாளச் சாக்கடை வந்து சேரும்வரை, கருவி வாங்க இயலாத அடுத்த மனைக்காரர் அந்தத் தண்ணீரைத்தான் இறைத்துக்கொண்டிருப்பார்.