சோடியப் பம்பியும் லிங்கின் கணக்கும்

உயிர்க் கலத்தினுள்ளே பொற்றாசியம் மிகுந்தும் சோடியம் குறைந்தும் காணப்படும். வெளியே இந்நிலை மாறியிருக்கும். கலமென்சவ்விலுள்ள பம்பியொன்று சத்தியைச் செலவிட்டு இவ்வேறுபாட்டைக் காக்கின்றதென்பது பெரும்பாலார் துணிபு. இதனை மறுத்தவருள் தலையாயவர் கில்பேட்டு லிங் என்பார்.

1962 இல் வெளிவந்த தம் நூலில் லிங் எழுப்பிய மறுப்பு ஒரு கணக்கினைச் சார்ந்தது. தவளையின் தசையைக் குளிரூட்டி, சுவாசத்தையும் வெல்லச் சிதைவையும் நஞ்சினால் தடுத்து, வெளியேறும் சோடியத்தை அவர் அளந்தார். அதனை வெளியேற்றத் தேவைப்படும் சத்தி, கலத்திற் கிடைக்கக்கூடியதன் 15 முதல் 30 மடங்கு எனக் கண்டார். எனவே பம்பி என ஒன்றில்லை. முதலுருவிலுள்ள புரதங்களே பொற்றாசியத்தைப் பற்றி நிற்கின்றன என்பது அவர் முடிபு.

வரவறியாது செலவு கூறும் கொள்கை நில்லாது என்று வற்புறுத்தியமை லிங்கின் சிறப்பாகும். ஆயின் அவர் கணக்கில் ஒரு குறை உண்டு. வெளியேறிய சோடியம் அனைத்தும் மேட்டில் ஏற்றப்பட்டதாகவே அவர் கொண்டார். ஓர் அயன் வெளியேற இன்னோர் அயன் உட்புகும் பண்டமாற்றும் நிகழக்கூடும் என உசிங் என்பார் முன்னரே எடுத்துக்காட்டியுள்ளார். அதற்குச் சத்திச் செலவு இல்லை.

தென்மார்க்கினரான இசுக்கூ 1957 இல் நண்டின் நரம்பிற் கண்ட நொதியமே இப்பம்பி எனப் பின்னர்த் தெளிவாயிற்று. இதற்காக 1997 இல் அவர் நோபெல் பரிசிற் பங்கு பெற்றார். ஏ.ரீ.பீ. மூலக்கூறு ஒன்று சிதைய, 3 சோடிய அயன்கள் வெளியேறி 2 பொற்றாசிய அயன்கள் உட்புகும். முலையூட்டிகளின் கலமொன்றில் இவ்வேலைக்கு மூலுக்கு ஏறத்தாழ 45 கிலோயூல் வேண்டும், ஏ.ரீ.பீ. தருவதோ 50 முதல் 60 வரை. வரவு செலவுக்குப் போதியதே.

இதனினும் வலிய சான்று 1966 இல் கிடைத்தது. கரகனும் கிளினும் உள்ளீடு நீக்கி மீள மூடிய செங்குருதிக் கலங்களில் அயன்களின் செறிவு வேறுபாட்டைக் கொண்டு பம்பியைப் பின்னோக்கி இயக்கினர், ஏ.ரீ.பீ. உண்டாயிற்று. செலவிட்ட சத்தி மீளப் பெறப்பட்டது. பற்றி நிற்கும் முதலுரு பெரும்பாலும் நீங்கியபின்னும் பம்பி தொழிற்பட்டமை நோக்கற்பாலது.

லிங் தம் கொள்கையைக் கைவிட்டாரல்லர். அவர் வினா நேரியது, விடையே பிழைத்தது. கூட்டலும் பெருக்கலும் வழுவற்றிருப்பினும், எண்ணப்பட்ட பொருள் யாதென ஆராயாத கணக்கு உண்மையைத் தாராது. ஆய்வுத்துறை புகும் மாணாக்கர் இதனை உளங்கொள்வாராக.