வாசகனாக ஒரு யந்திரம்

குறிப்பு ஒரு விசித்திரமான எழுத்து வகை. அதற்கு ஒரே ஒரு வாசகன், அதை எழுதியவனேதான். அதுவும் எழுதின அன்றைக்கு இருந்தவனில்லை, பத்து நாளோ இரண்டு வருஷமோ கழித்துத் திரும்பி வருகிறவன். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு வாசகன் புகுந்துகொண்டது 1993-ல். அந்த வருஷம் ஆகஸ்டில் ஆப்பிள் கம்பெனி நியூட்டன் மெஸேஜ்பேட் என்ற கையடக்கக் கருவியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்கு முன்னாலும் ஸையான், ஷார்ப் கம்பெனிகளின் மின்னணுக் குறிப்பேடுகள் உண்டு. அவற்றில் பொத்தானை அமுக்கினால் அமுக்கிய எழுத்து விழும், அவ்வளவுதான். நியூட்டனோ தனக்குப் படிக்கத் தெரியும் என்றது. எழுத்தாணி மாதிரி ஒரு பிளாஸ்டிக் முள்ளால் திரைமேல் உங்கள் சொந்தக் கையெழுத்தில் கிறுக்குங்கள், அச்செழுத்தாக மாற்றித் தருகிறேன் என்பது அதன் வாக்குறுதி.

எப்படிப் படித்தது என்பதுதான் விமர்சகன் கவனிக்க வேண்டிய விஷயம். பாராகிராஃப் என்ற ருஷ்யக் கம்பெனி செய்து கொடுத்த அந்த முறை, எழுத்தெழுத்தாகப் போகாமல் சொல்லை முழுசாகப் பார்த்துத் தன் அகராதியோடு ஒப்பிட்டது. அகராதியில் இல்லாத சொல் வந்தால்? தெரியவில்லை என்று நிற்கவில்லை. உள்ளதில் ஏறக்குறைய அதைப் போலிருக்கிற இன்னொரு சொல்லை எடுத்து வைத்தது. கேரி ட்ரூடோவின் டூன்ஸ்பரி சித்திரத் தொடர் அதே வருஷம் இதைக் கேலி செய்தது, ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் இதிலிருந்த ஆபத்தைச் சரியாகப் பார்த்ததாக எனக்குத் தோன்றவில்லை. என் கிறுக்கல் எனக்கே புரியாவிட்டால் திரும்பத் திரும்ப உற்றுப் பார்ப்பேன். பிழையில்லாமல், சுத்தமாக, அச்சில் நிற்கிற தவறான சொல்லை யார் உற்றுப் பார்ப்பார்கள்? சந்தேகத்துக்கு இருந்த இடத்தையே அது அடைத்துவிடுகிறது.

நான் பாங்கில் குமாஸ்தா. செக்கில் உள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப் பார்ப்பது வேலையில் ஒரு பகுதி. ஒத்துவராவிட்டால், கையெழுத்து வித்தியாசப்படுகிறது என்று காரணம் குறித்துச் செக்கைத் திருப்பிவிடுவோம். கிட்டத்தட்ட இதே மாதிரி கையெழுத்துப் போடுகிற இன்னொருவர் கணக்கில் பணத்தைக் கழிப்பதில்லை. இலக்கியத்தில் மட்டும் இது தினசரி நடக்கிறது. புதுக்கவிதையை நம் பேராசிரியர்கள் படித்த விதம் முதல் நியூட்டனின் விதம்தான். தங்கள் அகராதியில் இல்லாத ஒரு அனுபவம் எதிர்ப்பட்டால், அதற்குப் பக்கத்தில் இருக்கிற ‘விரக்தி’யையோ ‘சமுதாயச் சாட’லையோ எடுத்து அந்த இடத்தில் வைத்துவிட்டு, புரிந்துவிட்ட திருப்தியோடு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள்.

நியூட்டனுக்குச் சேர வேண்டியதைக் கொடுத்துவிட வேண்டும். கிறுக்கலைக் கிறுக்கலாகவே வைத்துக்கொள்ளவும் அது அனுமதித்தது. குறிப்புகள் நீளச் சுருளாக ஓடும். குறுக்கே ஒரு கோடு இழுத்தால் புதுக் குறிப்பு, அதன் தலையில் தேதி. அடித்தல் மட்டும் தங்காது. ஒரு சொல்மேல் முள்ளை மேலும் கீழுமாக இழுத்தால் சின்னப் புகை மாதிரி ஒன்று எழும்பி, சொல் மறைந்துபோகும். பின்னால் எழுத்தெழுத்தாகப் படிக்கிற முறை சேர்ந்து அதன் வாசிப்பு வெகுவாகத் தேறியது. பெயர் தேறவில்லை. 1998-ல் நிறுத்திவிட்டார்கள்.

ஜெஃப் ஹாக்கின்ஸ் ஆரம்பித்தது நேர் எதிரான இடத்திலிருந்து. சட்டைப் பையில் அடங்குகிற ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு, அதில் எழுதுவதுபோல் பாவனை செய்து பார்த்தவர் அவர். அந்தக் கட்டைதான் 1996-ல் பைலட்டாக வந்து, பாம் பைலட் என்று பிரசித்தமாயிற்று. 160-க்கு 160 புள்ளித் திரை, இரண்டு சின்ன பாட்டரி. உன் கையெழுத்தை நான் படிக்கமாட்டேன், எனக்குப் படிக்க வருகிற மாதிரி நீ எழுது என்றது அது. கிராஃபிட்டி என்று அந்த எழுத்துக்குப் பெயர். ஏறக்குறைய எல்லா எழுத்தும் முள்ளை எடுக்காமல் ஒரே இழுப்பு. ஏ என்ற எழுத்துக்குக் குறுக்குக் கோடு கிடையாது, கூரை மட்டும். இடமிருந்து வலம் இழுத்தால் இடைவெளி. வலமிருந்து இடம் இழுத்தால் முந்தின எழுத்து அழியும். எல்லாவற்றையும் திரைக்குக் கீழே ஒரு சின்னக் கட்டத்துக்குள் ஒன்றன்மேல் ஒன்றாக எழுத வேண்டும். இதை அடிமைத்தனம் என்று ஒருவர் சொல்லலாம். எனக்கு இது யோக்கியமான ஏற்பாடாகவே படுகிறது. தனக்கு எவ்வளவு தெரியும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுகிற வாசகனோடு காலம் தள்ளலாம். பிசகினால் ஒரு எழுத்து பிசகும். பிசகியது கண்ணுக்குத் தெரியும்.

1999-ல் வந்த பாம் த்ரீ எக்ஸ் ஒன்று, பழைய சாமானாக வாங்கியது, என்னிடம் இருக்கிறது. மத்தியான இடைவேளைகளில், படிக்கிற புத்தகங்களைப் பற்றி அதில் குறிப்பெழுதி வருகிறேன். எழுதுவதில் புகாரில்லை; திரும்பிப் பார்ப்பதில்தான் சங்கடம். குறிப்பின் முதல் வரியே பட்டியலில் அதன் தலைப்பு. கொஞ்ச நாளில் பட்டியலுக்காகவே முதல் வரி எழுதத் தொடங்கிவிடுகிறோம். யாருக்கும் காட்டாத எழுத்துக்குக்கூட ஒரு விளம்பரப் பலகை. தேதி கிடையாது. அகர வரிசையில் நிற்கும், அல்லது நாமே கையால் அடுக்கிய வரிசையில். ஒரு நாவலை முதல் தடவை படித்து நினைத்ததும், இரண்டாம் தடவை படித்து அதை மறுத்ததும், எது முன் எது பின் என்ற சுவடில்லாமல் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. ஒரு அபிப்பிராயம் மாறியது என்பது போய், இரண்டு அபிப்பிராயங்கள் இருக்கின்றன என்பதுதான் மிஞ்சுகிறது. விமர்சகனுக்கு இது சின்ன நஷ்டமில்லை.

கிராஃபிட்டிக்குத் தமிழ் தெரியாது. தமிழில் நினைத்ததை ரோமன் எழுத்தில் எழுதுகிறேன். வலி, வழி, வளி மூன்றும் அங்கே ஒன்று. ழகரத்துக்கு இரண்டு எழுத்துப் போடலாம்தான். அவ்வளவு நிதானம் இருந்தால் அது குறிப்பில்லை, கட்டுரை. ஒரு சிறுகதையைப் பற்றி ‘வழி முடிவதில்லை’ என்று எழுதியிருக்கிறேனா, ‘வலி முடிவதில்லை’ என்றா? ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைக்கமாட்டார்கள். குத்தினால் ஓலை கிழியும். மெய்யா உயிர்மெய்யா, எகரமா ஏகாரமா என்பதைப் படிக்கிறவன்தான் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். ஆனால், தான் நிச்சயிக்க வேண்டிய இடம் இது என்பது அவனுக்குத் தெரிந்திருந்தது. என் குறிப்பிலும் அந்த இடம் திறந்தே கிடந்தது. கதையை எடுத்து மறுபடி படித்தேன்.

இன்று கைப்பேசியில் எழுதும்போது, நான் சொல்லை முடிப்பதற்கு முன்பே மூன்று சொற்கள் மேலே வந்து வரிசையாக நிற்கின்றன, உபசாரம் செய்வதுபோல. தமிழிலும் அப்படித்தான். நியூட்டன் தோற்றது, அதன் சுபாவம் ஜெயித்துவிட்டது. கிராஃபிட்டியும் நிலைக்கவில்லை. ஒரே இழுப்பில் எழுதும் முறைக்கான காப்புரிமை தன்னுடையது என்று ஜெராக்ஸ் 1997-ல் வழக்குப் போட்டது. 2003-ல் பாம் வேறு எழுத்துக்கு மாறியது. புதியது எல்லோரும் காகிதத்தில் எழுதுகிற எழுத்துக்கு இன்னும் கிட்டத்தில் இருந்தது. ஐ, டி போன்றவற்றுக்கு இரண்டு இழுப்பு. பழகியவர்கள் பலருக்கு அது பிடிக்கவில்லை. சிலர் பழைய கருவியிலிருந்து கிராஃபிட்டியின் கோப்புகளை எடுத்துப் புதியதில் போட்டுக்கொண்டார்கள்.