சோதனைத் தவளையும் அதன் காவலும்

கர்ப்பிணியின் சிறுநீரைத் தென்னாப்பிரிக்க நகத் தவளையின் உடலிற் செலுத்தினால் அது ஒரு நாளுக்குள் முட்டையிடும் என்னும் உண்மை, 1930-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விலங்கியலறிஞர் லான்ஸ்லாட் ஹாக்பென் கேப் டவுனில் நடத்திய ஆராய்ச்சியை அடியொற்றி வெளிப்பட்டு, அத்தவளையைப் பல தேசங்களின் ஆய்வுக்கூடங்களுக்கு ஏற்றுமதிச் சரக்காக்கிற்று. முந்திய கர்ப்பச் சோதனை முறையில் சுண்டெலியைக் கொன்றறுத்தே விடை காணவேண்டியிருந்தது. தவளையோ உயிரோடிருந்து மறுபடியும் உதவும். அந்தச் சௌகரியமே பின்னர் வினையாயிற்று. 1960-க்குப் பின் புதுமுறைச் சோதனைகள் வந்து அதற்கு வேலையில்லாமற் போகவே (தவளைக்கு ஓய்வூதியம் யார் தருவார்?), விடுவிக்கப்பட்டவையும், ஆய்வுக்கூடத்திலிருந்தும் வளர்ப்போரிடமிருந்தும் தப்பியவையுமாக அது கலிபோர்னியா, சிலி, பிரான்ஸ், சிசிலி முதலிய இடங்களின் நீர்நிலைகளிற் குடியேறிவிட்டது.

பிற ஆராய்ச்சிக்காக இத்தவளையை வளர்க்கும் இன்றைய ஆய்வுக்கூடங்கள் மேற்கொள்ளும் காவல் முறை, தொட்டிக்கு மூடி, வடிகாலுக்கு வலை, கழிவுநீருக்குக் குளோரின் என அடுக்கடுக்காக அமைந்து, ஒன்று தவறினும் மற்றொன்று தடுக்கும் என்ற விவேகத்தின்மேல் நிற்பது மெச்சத்தக்கதே. ஆயினும் குளோரினைப் பற்றிய நம்பிக்கை சற்று அதிகம் என்பேன். அழுக்கு மிகுந்த நீரில் அதன் பெரும்பகுதி அழுக்கோடு வினைபுரிந்தே செலவாகிவிடுமாதலால், ஊற்றிய அளவைக் குறித்துவைப்பதால் பயனில்லை. எஞ்சிய அளவையே சோதிக்கவேண்டும். வலையும் தவளையைத்தான் நிறுத்தும். அத்தவளை தான் பெரிதும் வாடாமலே சுமந்து திரியும் கைட்ரிட் என்னும் பூஞ்சையின் நுண்வித்துக்கள் நீரில் நீந்திச் செல்வன. பிற தவளையினங்கள் பலவற்றுக்கு அவை யமன். வெள்ளம் வந்தாலோ மூடியும் வலையும் ஒருங்கே தோற்கும். போர்ச்சுகலில் ஓயிராஸ் பகுதியின் ஓடைகளில் நகத் தவளைகள் புகுந்தது, 1979-80 குளிர்காலத்து வெள்ளத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து தப்பியதாலேயே என்று கருதப்படுகிறது. 2010-இல் தொடங்கி ஆண்டுதோறும் அவற்றைப் பிடித்தழிக்க நேர்ந்தது.

இவற்றினும் பெரிய குறை வேறொன்று. காவல் முழுவதும் சோதனை நடக்குங்காலத்தைக் கருதியே வகுக்கப்படுகிறது. ஆராய்ச்சிக்குப் பணம் தீர்ந்தபின்னும் வாழும் ஜந்துவை எண்ணி வகுக்கப்படுவது அரிது. நகத் தவளை 15 ஆண்டுக்கு மேலும் உயிர்வாழும். அவ்வளவு காலம் நீடிக்கும் ஆராய்ச்சி மானியம் எத்தனை? தப்பினால் என்ன செய்வது என்ற திட்டத்தையும் முன்கூட்டியே கேட்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு ஊடுருவும் அயல் உயிரினச் சட்டம் இத்திசையில் நல்ல முயற்சி. ஆனால் அதன் பட்டியலில் இத்தவளை ஏறியதோ 2022-இல்தான். அனுமதி வழங்கும் அதிகாரிகள், முதல் தவளை வந்திறங்குமுன்பே கடைசித் தவளைக்கான செலவையும் பொறுப்பாளரையும் எழுத்திற் பெற்றுக்கொள்வார்களாக.