சதி செய்தது யார்? என்.எச்.கே. பற்றிச் சில குறிப்புகள்

ஜப்பானில் என்.எச்.கே. என்றால் அந்நாட்டுப் பொது ஒலிபரப்பு நிறுவனம். சதோ தட்சுஹிரோவுக்கு மட்டும் அது வேற. "நிஹோன் ஹிகிகோமோரி க்யோகாய்", அதாவது இளைஞர்களை அறைக்குள் முடக்கிப்போடுவதற்காகவே நடக்கும் ரகசியச் சங்கம். கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டு, வீட்டிலிருந்து வரும் பணத்தில் ஒற்றை அறையில் கிடக்கும் 22 வயசுப் பையனுக்கு இப்படி ஒரு எதிரி தேவைப்படுகிறது. முதல் பகுதியிலேயே அறையிலிருக்கும் சாமான்கள் அவனிடம் பேச ஆரம்பித்துவிடும்!

டகிமோட்டோ தட்சுஹிகோ 2002இல் எழுதிய நாவல் இது. தன்னையே ஹிகிகோமோரி என்று சொல்லிக்கொண்டவர் அவர். கோன்சோ நிறுவனம் 2006இல் 24 பகுதிகள் கொண்ட அனிமே தொடராக எடுத்தது. ஓவியத் தரம் சில பகுதிகளில் படுமோசம், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனாலும் தொடரை நான் இன்னமும் பரிந்துரைப்பேன். ஏன்னு சொல்கிறேன். (முடிவையும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாங்க.)

மேலோட்டமா பார்த்தா அலுத்துப்போன கதைதான். உருப்படாத பையன், அவனைத் திருத்த வரும் அழகான பெண். மிசாகி ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்து வாங்கி, ராத்திரி பூங்காவில் உட்காரவைத்து அவனுக்குப் பாடம் நடத்துகிறாள். ஆனால் அவள் அவனைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இரக்கம் இல்லை. தன்னைவிடக் கேவலமான ஒருத்தன் இருந்தால் அவனுக்காவது தான் தேவைப்படுவோம் என்ற கணக்கு. உதவி செய்பவருக்கு நோயாளி தேவைப்படுவதை இவ்வளவு கூசாமல் சொன்ன தொடர்கள் குறைவு. அவன் உண்மையிலேயே தேறிவிட்டால் அவள் என்ன ஆவாள்? தொடரின் பின்பாதி முழுக்க இந்தக் கேள்விதான்.

எனக்கு உறுத்துவது வேறு இடம். தொடர் சொல்லும் மருந்து பசி. பள்ளித் தோழி மெகுமியின் அண்ணனும் ஹிகிகோமோரிதான். சாப்பாடு போட ஆள் இல்லாமல் போனதும் வெளியே வருகிறான். சதோவுக்கும் பணம் நின்றதும் வேலைக்குப் போயே ஆகவேண்டிய நிலை. "சோறு கிடைப்பதால்தான் முடங்கிக் கிடக்கிறார்கள்" என்பது எல்லா ஊர் அப்பாக்களும் சொல்வதுதானே? நிஜம் அப்படி முடியவில்லை. ஜப்பானிய அமைச்சரவை அலுவலகம் 2019இல் வெளியிட்ட கணிப்புப்படி, 40 முதல் 64 வயசுக்குள் மட்டும் சுமார் 6,13,000 பேர் இப்படி இருந்தார்கள். எண்பது வயசுப் பெற்றோர் ஐம்பது வயசுப் பிள்ளையைப் பராமரிப்பதற்கு அங்கே "8050 பிரச்சினை" என்றே பெயர் வந்துவிட்டது. அந்தப் பெற்றோரிடம் போய் சோற்றை நிறுத்துங்கள் என்று யார் சொல்வது?

ஆனால் தொடரே இந்த மருந்தை முழுசா நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். பசி சதோவை அறையிலிருந்து வெளியே தள்ளியது, அவ்வளவுதான். கடைசியில் மிசாகி சாகத் துணிந்து நிற்கும்போது, அவளைத் தடுக்க அவன் எடுப்பது அதே பழைய பொய்யை. எல்லாத்துக்கும் காரணம் என்.எச்.கே., உன் மேல் தப்பில்லை என்கிறான். அறைக்குள் கிடக்க அவன் தனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு, இன்னொருத்தியின் தலையிலிருந்து பழியை இறக்கிவைக்கப் பயன்படுகிறது. இதற்காகத்தான் நான் ஓவியக் குறைகளை மன்னிக்கிறேன்.

பிறகு மிசாகி புது ஒப்பந்தம் நீட்டுகிறாள். இந்த முறை என்.எச்.கே. என்றால் ஜப்பானியப் பணயக்கைதிகள் பரிமாற்றச் சங்கம். இருவரும் ஒருவர் உயிரை இன்னொருவரிடம் அடகு வைக்கிறார்கள். நீ செத்தால் நானும். இதைக் காதல் என்று சொல்ல மனசு வரலை, குணமாகிவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது. நாளைக்கும் உயிரோட இருக்க ரெண்டு பேருக்கும் ஒரு காரணம் கிடைத்தது. தொடர் அதற்கு மேல் எதையும் வாக்குக் கொடுக்கவில்லை.