கடலை வேலைக்கு வைத்த கோட்டை

இலங்கையின் காலிக் கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கலங்கரை விளக்கத்தடியில் படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அழகான விளக்கம்தான், ஆனால் அது 1939இல் எழுந்தது. நான் பழைய வாசலிலேயே நெடுநேரம் நின்றுவிடுவேன். வெளிமுகத்தில் பிரித்தானிய அரச இலச்சினை. உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் பின்னிய எழுத்துகள். இருபுறமும் சிங்கங்கள், உச்சியில் சேவல், ரோமன் எண்ணில் 1669. வாசல் ஒன்று, அரசு இரண்டு!

போர்த்துக்கேயர் நிலப்பக்கம் மட்டுமே மதில் எழுப்பினார்கள். மற்றப் பக்கங்களைக் கடல் காக்கும் என்று விட்டுவிட்டார்கள். 1640இல் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர் கருங்கல்லும் முருகைக்கல்லும் கொண்டு தீபகற்பம் முழுவதையும் வளைத்தார்கள். கொத்தளங்களுக்குப் பெயரிட்ட விதம் இன்னும் இனியது. நிலத்தை நோக்கி நிற்பவை சூரியன், சந்திரன், நட்சத்திரம்; கடலைப் பார்ப்பவற்றில் நெப்டியூன், டிரைட்டன் என்று கடல் தெய்வங்கள். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வெளியே நகரத்தைப் புரட்டிப் போட்டபோது, மதிலுக்குள் இருந்த தெருக்கள் பெரும்பாலும் தப்பின.

ஆனாலும் இந்தக் கோட்டையின் உச்ச நயம் கண்ணில் படாத இடத்தில், தெருக்களுக்கு அடியில் இருக்கிறது. ஒல்லாந்தர் அங்கே கழிவுநீர்க் கால்வாய்களை ஓடவிட்டார்கள். பெருக்கில் கடல்நீர் அவற்றுக்குள் ஏறும்; வற்றில் ஊரின் அழுக்கை வாரிக்கொண்டு இறங்கும். மதிலுக்கு வெளியே எதிரியாக மோதும் அதே கடலை, உள்ளே தோட்டியாக வேலை வாங்கிய இந்த யோசனைக்கு எத்தனை பீரங்கி ஈடாகும்?

காலியின் கால்வாய்களைப் பற்றிப் பேசும்போது ஒரு கல்லைச் சொல்லாமல் விட மனம் வராது. சீனக் கடற்தளபதி செங் ஹோவின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் மும்மொழிக் கல்வெட்டு 1911இல் இந்த நகரத்தில்தான் அகப்பட்டது, மதகொன்றின் மூடுகல்லாக! சீனம், தமிழ், பாரசீகம் மூன்றும் அதில் உண்டு, காலம் 1409. போர்த்துக்கேயர் இந்தத் தீவைக் காண்பதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு முன்பே, தெனாவரை நாயனார் என்ற தெய்வத்துக்குச் சீனப் பேரரசர் அனுப்பிய காணிக்கையைத் தமிழில் பொறித்திருக்கிறார்கள். இப்போது அது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது.