சுரண்டாத ஒரு பக்கம்

செம்புக் கம்பியின் முனையில் மூன்று பக்கம் எனாமலைச் சுரண்டிவிட்டு, நாலாவது பக்கத்தை விட்டுவிட வேண்டும். பிள்ளைகளுக்கு அறிவியல் பொம்மைகள் செய்து காட்டும் அரவிந்த் குப்தாவின் மோட்டார் படத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இரண்டு ஊக்கு, ஒரு பேட்டரிக் கட்டை, ஒரு காந்தம், எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்க ஒரு ரப்பர் பட்டை. இவையெல்லாம் யார் வேண்டுமானாலும் காட்டுகிற சங்கதிகள். ஆனால் பிளேடு அந்தக் கம்பியின் மேல் நடக்கும்போது கேமரா அவசரப்படாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறதே, அந்தப் பொறுமையை வேறு எந்தச் சிறுவர் அறிவியல் நிகழ்ச்சியிலும் நான் பார்த்ததில்லை. கட்டைவிரல் கம்பியைக் கால் சுற்று திருப்புகிறது, சுரண்டுகிறது, மறுபடி திருப்புகிறது. நாலாவது பக்கம் வந்ததும் நின்றுவிடுகிறது.

அடுத்து ஊக்கின் துளையில் சுருளை ஏற்றுவார்கள். அது சுற்றாது. விரல் நுனியால் லேசாகச் சுண்ட வேண்டும், அப்புறம்தான் ஓடும். இந்தச் சுண்டல்தான் எனக்கு உரைகல். ஒரு நிகழ்ச்சி நல்லதா கெட்டதா என்று தெரிந்துகொள்ள, அதில் மோட்டார் செய்கிற பகுதியை மட்டும் பார்ப்பேன். விரல் சுண்டுவதை வெட்டி எறிந்துவிட்டு, சுருள் தானாகவே ஓடுவதுபோல் காட்டியிருந்தால் தொலைக்காட்சியை அணைத்துவிடுவேன். அதைப் பார்த்துச் செய்கிற பிள்ளை, தன்னுடையது மட்டும் தானாக ஓடவில்லையே என்று மூலையில் போட்டுவிடும்.

என் பேத்தி 2020-ல் முதல் வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டியவள். பள்ளிக்கூடம் மூடிக் கிடந்தது. 2021 நவம்பர் முதல் தேதி சின்ன வகுப்புகளைத் திறந்தபோதும் மகள் அனுப்பவில்லை. வீட்டிலேயே படிக்கட்டும் என்று முடிவெடுத்துவிட்டாள். தமிழும் கணக்கும் அவள் பொறுப்பு. அறிவியல் என் தலையில் விழுந்தது. எனக்குத் தெரிந்த ஒரே பாடத்திட்டம் குப்தா படத்துக் கைகள்தான். காயில் கட்டும் கடையில் எரிந்துபோன மோட்டாரிலிருந்து ஒரு முழம் கம்பி வாங்கினோம். பழைய சைக்கிள் டியூபை வெட்டி ரப்பர் பட்டை ஆக்கினோம். உடைந்த ஸ்பீக்கரைப் பிரித்தால் காந்தம்.

அவள் நாலு பக்கமும் சுரண்டிவிட்டாள். ‘சுத்தமா எடுத்துட்டேன் தாத்தா’ என்று பெருமை வேறு. சுருள் இரண்டு முறை முன்னும் பின்னும் ஆடிவிட்டு நின்றது. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் அந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். மூன்றாம் நாள், ‘ஏன் தாத்தா அந்தக் கை ஒரு பக்கத்த மட்டும் விட்டுருது?’ என்று கேட்டாள். நாலு பக்கமும் மின்சாரம் பாய்ந்தால், பாதிச் சுற்றில் முன்னே தள்ளுகிற விசை மறுபாதியில் பின்னே இழுத்துவிடும். பூச்சு மிஞ்சிய பக்கம் ஊக்கில் படும்போது மின்சாரம் அறும். அந்த இடைவெளியைச் சுருள் தன் வேகத்திலேயே கடக்கும். நல்ல ஆசிரியருக்கும் இதுதான் இலக்கணம் என்று எனக்குத் தோன்றும். அதை அவளிடம் சொல்லவில்லை.

குப்தாவின் இன்னொரு படத்துக்கு, தீக்குச்சிக்கு வருகிறேன். கோவில்பட்டிப் பக்கத்துக்காரனிடம் தீக்குச்சியைக் காட்டி ஒருவரால் வியக்க வைக்க முடியும் என்றால் அவர் கெட்டிக்காரர்தான். எங்கள் மாவட்டத்தில் தீக்குச்சி என்றால் கூலி, மருந்து, அடைப்பு, லாரி. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்து, புனேயில் லாரி செய்யும் டெல்கோவில் வேலை பார்த்த பொறியாளர் குப்தா, 1978-ல் விடுப்பு எடுத்துக்கொண்டு மத்தியப் பிரதேசத்து ஹோஷங்காபாத்துக்குப் போகிறார். 1972-லிருந்து கிராமப் பள்ளிகளில் சோதனை வழியாக அறிவியல் கற்பித்துக்கொண்டிருந்த இடம் அது. அங்கே சந்தையில் கிடைத்த சைக்கிள் வால்டியூபைத் துண்டு துண்டாக வெட்டி, அதில் தீக்குச்சிகளைச் செருகுகிறார். மூன்று குச்சி முக்கோணமாகிறது. நாலு குச்சி சதுரமாகிறது. முக்கோணத்தை அழுத்தினால் அசையாது. சதுரத்தைத் தொட்டால் சாய்ந்துவிடும். அவ்வளவுதான் பாடம்.

இந்தப் பாடத்தைப் படமாக எடுத்த விதத்தில் ஒரு நுட்பம் உண்டு. சதுரம் சாயும்போது கை அதைத் தடுப்பதில்லை. சாயட்டும் என்று விடுகிறது. பிறகு குறுக்கே ஒரு குச்சி. சாய்வது நிற்கிறது. என் பேத்தி இதைச் செய்து முடித்த வாரம், துறைமுகம் பக்கம் கூட்டிக்கொண்டு போனேன். கிரேனின் நீண்ட கையைப் பார்த்துவிட்டு அவள் முக்கோணங்களை எண்ண ஆரம்பித்தாள். அந்தக் கிரேனை முப்பது வருஷம் தினமும் பார்த்தவன் நான். ஒரு முக்கோணத்தைக்கூட எண்ணியதில்லை.

எனக்கு இந்த அறிவியல் நிகழ்ச்சிப் பைத்தியம் பிடித்தது எண்பதுகளில். அப்போது தூத்துக்குடி மொட்டைமாடிகளில் இரும்புக் குழாய்கள்தான் காடாக நின்றன. ஆன்டெனாவைக் கடல் பக்கம் திருப்பினால் இலங்கை ரூபவாஹினி வரும். காற்று மாறினால் படம் மணல் கொட்டும். ‘வந்துட்டா? வந்துட்டா?’ என்று மேலிருந்து ஒருவன் கத்துவான், கீழிருந்து ஒருவன் ‘போயிட்டுல’ என்பான். பிறகு தூர்தர்ஷன் வந்தது. 1984 ஆகஸ்டு 15-ல் தொடங்கிய யு.ஜி.சி.யின் கல்வி நிகழ்ச்சி மதிய நேரத்தில் இங்கிலீஷில் ஓடும். சோறு தின்ற மயக்கத்தில் பாதி புரியும். அதற்கப்புறம்தான் குப்தாவின் படங்கள் கண்ணில் பட்டன, ஹிந்தியில். எங்கள் வீட்டில் ஒருவருக்கும் ஹிந்தி தெரியாது. தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லாமல் போனது. ஸ்ட்ராவின் நுனியைச் சப்பையாக்கி, கத்தரித்து, ஊதிக்கொண்டே நீளத்தைக் குறைத்துக்கொண்டு வந்தால் சத்தம் ஏறிக்கொண்டே போகும். இதற்கு எந்த மொழி வேண்டும்? பனை ஓலையில் காற்றாடியும் நுங்குக் கூந்தலில் வண்டியும் செய்து வளர்ந்தவர்களுக்கு அந்தக் கைகள் அந்நியமாகவே படவில்லை.

என் நண்பர் ஒருவர் விஞ்ஞானி யஷ்பால் கட்சி. ‘கை என்னவே பெரிய கை, கேள்விதான் முக்கியம்’ என்பார். தூர்தர்ஷனின் அறிவியல் நிகழ்ச்சியான ‘டர்னிங் பாயின்ட்’டில் கிரீஷ் கர்னாட் கேட்க, யஷ்பால் பதில் சொல்ல, பார்வையாளர் கடிதங்களுக்காக நண்பர் காத்திருந்த வாரங்களைச் சொல்லித் தீராது. 1995 அக்டோபர் 24 முழுச் சூரிய கிரகணத்தன்று, நாடே கதவைச் சாத்திக்கொண்டிருக்கையில், தொலைக்காட்சியில் யஷ்பால் சின்னப் பையனைப்போல் குதூகலித்த குரலை இன்னமும் நடித்துக் காட்டுவார். நான் மறுக்கவில்லை. பிள்ளைகளின் கேள்வியைப் பாடப்புத்தகத்தின் எல்லைக்குள் அடைக்கக் கூடாது என்று 1993-ல் அரசுக்கே அறிக்கை எழுதிக் கொடுத்த மனிதர் யஷ்பால். ஆனாலும் ஏழு வயதில் கேள்வி வாயிலிருந்து பிறப்பதில்லை, விரலிலிருந்து பிறக்கிறது. நாலு பக்கமும் சுரண்டித் தோற்ற பிறகுதானே என் வீட்டில் கேள்வி வந்தது! யஷ்பால் பத்து வயதுக்கு மேல். அதற்குக் கீழே குப்தா. இப்படி எல்லை பிரித்துக்கொண்டு நானும் நண்பரும் டீ குடித்துக்கொண்டிருக்கிறோம்.

2019-ல் வந்த கல்வித் தொலைக்காட்சி வேறு வகை. ஊரடங்கில் எத்தனையோ வீடுகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம். குறை சொல்ல மனம் வராது. அது வகுப்பறையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. நான் தேடுவது வீட்டை ஆய்வுக்கூடமாக்குகிற சரக்கை.

இப்போது வருவனவற்றைப் பார்த்தால்தான் வயிறு எரிகிறது. பத்து நொடிக்கு ஒரு வெட்டு. பின்னால் டமடம என்று இசை. வெள்ளைக் கோட்டு மாட்டிய ஒருவர் ‘வாவ்’ என்று குதிக்கிறார், நுரை பொங்குகிறது, முடிந்தது. ஏன் பொங்கிற்று என்று அவரும் சொல்வதில்லை, பிள்ளையும் கேட்பதில்லை. காந்தத்தைக்கூட வரைகலையில் காட்டுகிறார்கள். ஐந்து ரூபாய்க்குக் கிடைக்கிற பொருளுக்கு எதற்கப்பா பொம்மைப்படம்? வெளிநாட்டு நிகழ்ச்சிகளின் டப்பிங் தனிக் கொடுமை. ஒரு நத்தை அமைதியாக ஊர்ந்துகொண்டிருக்கும், அதற்கு மேல் ஒருவர் சினிமா வசனம் பேசிக்கொண்டே இருப்பார். வாயை மூடினால் நத்தை பேசும்.

எல்லாவற்றையும்விட என்னை நோகடிப்பது அந்த மணல் கதை. சிப்பிக்குள் மணல் விழுந்ததாம், உறுத்தியதாம், முத்தானதாம். எந்தச் சிறுவர் நிகழ்ச்சியிலும் இது தவறாமல் வரும். கடலடியில் கிடக்கிற சிப்பிக்கு மணல் என்ன புதிதா? உள்ளே வந்த மணலைத் துப்பிவிட அதற்குத் தெரியும். உடலைப் போர்த்திய சவ்வின் செல்கள் சில, ஒட்டுண்ணியாலோ காயத்தாலோ உள்ளே சிக்கி, பை கட்டி, ஓட்டின் உட்பக்கத்தில் பூசுகிற அதே மினுக்கத்தை அடுக்கடுக்காகப் பூசினால் முத்து. இதைக் கையால் செய்து காட்டிய ஊர் இது. 1961-க்குப் பிறகு இங்கே ‘பார்’ என்கிற கடலடி முத்துப் படுகைகளில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-ல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தூத்துக்குடி நிலையத்தில் அழகர்சாமி வளர்ப்பு முத்தை எடுத்தார். 1981-ல் அதே ஊரில் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியிலேயே பொரிக்க வைத்தார்கள்.

எடுக்கப்படாத ஒரு படம் என் தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு நிமிஷம் போதும். இசை வேண்டாம், முகம் வேண்டாம். தண்ணீரில் மெந்தால் தூவுகிறது ஒரு கை. சிப்பி மயங்கி வாய் திறக்கிறது. மூடிவிடாமல் ஒரு சின்ன ஆப்பு. இன்னொரு சிப்பியின் சவ்விலிருந்து அரிசியைவிடச் சிறிதாக ஒரு துண்டு. சதைக்குள் ஒரு கீறல். அதில் அந்தத் துண்டையும் ஓட்டில் உருட்டிய ஒரு மணியையும் ஒன்றையொன்று தொடும்படி வைக்க வேண்டும். தொடாவிட்டால் முத்து இல்லை. அந்தத் தொடுகையில் கேமரா எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை வைத்து இயக்குநரின் தரத்தைச் சொல்லிவிடுவேன். பிறகு சிப்பியைக் கூண்டில் வைத்துக் கடலில் இறக்குகிறார்கள். முத்தைக் காட்டக் கூடாது. படம் அங்கேயே முடிய வேண்டும்.

போன மாசம் இதைப் பேத்தியிடம் ஒரு சாயங்காலம் முழுக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் வாசலில் ஒரு வாளி. நிறைய உப்புத் தண்ணீர். பக்கத்தில் ஆச்சியின் தலைவலித் தைலம், மூடி திறந்தபடி. தெருவில் மீன்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

‘முத்துச் சிப்பியா கேக்க? உங்க தாத்தாவப் பாருக்குப் போயி முங்கச் சொல்லு பிள்ள!’