ஏறத்தாழ மீளும் சந்திரன்

ஆடி அமாவாசை விரதமோ, ஆனிப் பூரணையை ஒட்டி நயினாதீவு நாகபூசணி அம்மனுக்கு நடக்கும் தீர்த்தமோ, எங்கள் தீவகத்துச் சரவணையில் நாள் பார்ப்பவர் கை முதலில் வாக்கிய பஞ்சாங்கத்துக்குத்தான் போகும். கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் தலைமுறைகளாகப் புழங்கும் பெயர். அதன் பயனை எல்லோரும் அறிவர். அதனுள் இருக்கும் கணக்கின் அழகையும் அறியவேண்டும்.

சந்திரன் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. பூமியை நெருங்கும்போது விரையும், விலகும்போது தளரும். ஒருமுறை நெருங்கி மறுமுறை நெருங்கச் சராசரியாக 27.55455 நாள் செல்லும். இந்தப் பின்னம் முழு நாள்களில் அடங்காது. ஆனால் ஒன்பது சுற்றைக் கூட்டினால் 248 நாளுக்கு 13 நிமிடமே குறையும்! ஆகவே 248 நாளுக்கு 248 வாக்கியங்கள். வரருசியின் பெயரால் வழங்கும் அவற்றில் எழுத்துகளே இலக்கங்கள். வாக்கியத்தைச் சொன்னால் சந்திரன் நகர்ந்த பாகையும் கலையும் கிடைக்கும். 249ஆம் நாள் மீண்டும் முதல் வாக்கியம், அதனுடன் அந்த 248 நாளில் முழு வட்டங்கள் போக மிஞ்சும் 27 பாகை 44 கலை 6 விகலை. பிசகு சேர்ந்து பெருகாதிருக்க 110 சுற்றுக்கு 3031 நாள் என்ற பெரிய அடியும் உண்டு. அங்கே பிசகு ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

முற்றாக மீளாத ஒன்றை மீள்வதாகப் பாசாங்கு செய்யாமல், பிசகை அளந்து கையில் வைத்திருக்கும் நேர்மைதான் இந்தக் கலையின் உயிர். டென்மார்க்கின் ஹரால்ட் போர் 1920களில் வகுத்த ஏறத்தாழ ஆவர்த்தனச் சார்பும் இப்படித்தான். எவ்வளவு சிறிய பிசகை விதித்தாலும் அதற்குள் அடங்கும் மீள்காலங்கள் வந்துகொண்டே இருக்கும். அவற்றுக்கிடையிலான தூரம் ஓர் எல்லையைத் தாண்டாது.

1825இல் சென்னையில் வெளியான 'கால சங்கலித'த்தில் ஜோன் வாரன் ஒரு தமிழ்க் கணிதரைப் பதிவுசெய்தார். புதுச்சேரியில் தரையில் சோழிகளைப் பரப்பி, மனப்பாட வாக்கியங்களைக் கொண்டே அவர் அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்க நேரத்தில் பிசகு ஏறக்குறைய 4 நிமிடம். முடிவில் அது 52 நிமிடமானது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் முறையின் வலிமையும் எல்லையும் தெரியும்.

முற்றாக மீளாத தாளங்களைப் பின்தொடரும் இதே சிக்கல் கட்டுப்பாட்டுப் பொறியியலுக்கும் உண்டு. கடலில் நங்கூரமிட்ட மேடையைச் சந்திரனின் 12 மணி 25 நிமிட ஏற்றவற்றும் சூரியனின் 12 மணி ஏற்றவற்றும் ஒன்றாகவே அலைக்கும். இத்தகைய தாளங்கள் நேரத்தோடு நகர்வதை ஒரு தாயத்தில், அதாவது நிரை நிரலாக அடுக்கிய எண்களில் எழுதினால், அது ஏறத்தாழ ஆவர்த்தனத் தாயச் சார்பாகும். பிரான்சிஸும் வொனமும் 1976இல் நிறுவிய கோட்பாடு இது: பொறியின் அளவுகள் சற்று மாறினாலும் அலைப்பை முற்றாக அடக்கவேண்டுமானால், அடக்கும் கருவி அந்த அலைப்பின் தாளங்களைத் தனக்குள்ளேயே கொண்டிருக்கவேண்டும்.

பஞ்சாங்கத்தை இந்தக் கண்ணால் பார்க்கிறேன். வாக்கியமும் மற்றப் பஞ்சாங்க முறையான திருக்கணிதமும் திதி நேரத்தில் வேறுபடுவதன் முக்கிய காரணமும் இங்கே விளங்குகிறது. சந்திரனின் ஒரு பெரிய தாளத்தை வாக்கியம் சுமக்கிறது. சூரியனின் இழுப்பால் எழும் மற்றத் தாளங்களையும் திருக்கணிதம் சேர்த்துக்கொள்கிறது. ஒரு தாளத்தை மட்டும் கொண்டு இத்தனை தூரம் வந்ததே வாக்கியத்தின் பெருமை. தீவகப் பாடசாலைகளில் பின்னம் படிப்பிக்கும்போது, 27.55455ஐ ஒன்பதால் பெருக்கிப் பார்க்கப் பிள்ளைகளிடம் கொடுக்கவேண்டும். தங்கள் வீட்டுப் பஞ்சாங்கம் எத்தகைய கணிதத்தில் நிற்கிறதென்று அவர்களே கண்டுகொள்வார்கள்.